வட்டார மருத்துவமனையில் ஆராய்ச்சி எதற்கு?

ஜூன் 3 (வாசகர் கேள்வி)

அப்பாவை நிமோனியாவுக்காக வட்டார மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நேற்று ஒருவர் படுக்கையோரம் வந்து, ஓர் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டுப் படிவத்தை நீட்டினார். பெரிய ஆய்வு நிறுவனங்கள் இருக்கும்போது, படுக்கை கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் இந்த இடத்தில் ஆராய்ச்சி எதற்கு? யாருக்கோ பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், அதற்கு நாங்கள் சோதனை எலிகளா? பத்து இருபது பேரை வைத்து என்ன கண்டுபிடித்துவிடப் போகிறார்கள்? நான் கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 3, இரவு

கையெழுத்துப் போடாதது உங்கள் உரிமை. அதற்காக அப்பாவின் சிகிச்சையில் இம்மியளவும் குறை வரக் கூடாது. வந்தால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். அதன் தொடர்பு எண் அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே முதல் புகாராக எழுதுங்கள்.

நான் இதுபோன்ற ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். படுக்கையோரம் வந்து படிவத்தை நீட்டுவதுதான் என் வேலை. உங்கள் கோபத்தைப் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். அதில் பாதி நியாயம். மறுபாதிக்கு இப்போதைக்கு ஒரு வரி: ஆராய்ச்சி இங்கே நடக்காவிட்டால், இங்கே கொடுக்கப்படும் சிகிச்சை இங்குள்ளவர்களைக் காப்பாற்றுகிறதா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 4

கடுங்காய்ச்சலோடு, கைகால் சில்லிட்டு, நாடி தளர்ந்து ஒரு குழந்தை வருகிறது. என்ன செய்வீர்கள்? நரம்பு வழியாகத் திரவத்தை வேகமாக ஏற்று என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லித்தந்தார்கள். வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைகளில் உருவான வழிமுறை அது. பாடப்புத்தகத்தில் ஏறி, உலகம் முழுக்கப் பரவி, கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

அதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் கென்யாவின் கிலிஃபி மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர் கேத்ரின் மைட்லண்டும் அவருடைய கூட்டாளிகளும். ஃபீஸ்ட் என்பது அந்த ஆய்வின் பெயர். கிலிஃபியோடு உகாண்டாவின் ம்பாலே, சொரோட்டி வட்டார மருத்துவமனைகளும் சேர்ந்து, கென்யா, உகாண்டா, டான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் மொத்தம் ஆறு இடங்களில் நடந்தது. வென்டிலேட்டர் கிடையாது. உங்கள் அப்பா படுத்திருப்பது போன்ற சாதாரண வார்டுகள். சேர்ந்த குழந்தைகள் 3,141. ஒரு பிரிவுக்கு சலைனை வேகமாக ஏற்றினார்கள், இன்னொரு பிரிவுக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கலந்த திரவத்தை. மூன்றாவது பிரிவுக்கு வேக ஏற்றம் இல்லை. உடலுக்கு அன்றாடம் தேவையான அளவு திரவம் மட்டும் மெதுவாக இறங்கியது.

திரவம் உயிர்காக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் தொடங்கினார்கள். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள்: ஆல்புமின் பிரிவில் 10.6 சதவீதம், சலைன் பிரிவில் 10.5 சதவீதம், வேகமாக எதுவும் ஏற்றாத பிரிவில் 7.3 சதவீதம். எண்களைத் தனியாக இருந்து கண்காணித்த குழு சொன்னதன் பேரில் 2011 ஜனவரியில் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அந்த எண்களை முதலில் படித்தபோது வேலையே ஓடவில்லை. திரவம் ஏற்றிய என் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் நல்லெண்ணத்தோடு, புத்தகத்தில் உள்ளபடி செய்தது. வேறெங்கோ பலன் தந்த சிகிச்சை, மலேரியாவும் ரத்தச்சோகையும் சேர்ந்து வந்த குழந்தைகளுக்கு, வென்டிலேட்டர் இல்லாத வார்டில், எமனாக வந்திருக்கிறது. பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் குழந்தைகள் அங்கே வருவதே இல்லையே.

ஜூன் 4, சற்று பிறகு

இதைப் படித்துவிட்டு யாரும் வயிற்றுப்போக்குக் குழந்தைக்குத் திரவத்தை நிறுத்திவிடாதீர்கள்! வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகளையும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளையும் ஃபீஸ்ட் ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு வழிமுறை வேறு. யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்று பார்க்காமல் எந்த ஆய்வையும் மேற்கோள் காட்டக் கூடாது.

ஜூன் 6

"பத்து இருபது பேரை வைத்து" என்று கேட்டிருந்தீர்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு.

மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுக்கிறார்களே, அதை உறுதிப்படுத்தியது ஐசிஸ்-2 என்ற ஆய்வு. 1988இல் வெளியானது. 16 நாடுகள், 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். வகுத்துப் பாருங்கள்: ஒரு மருத்துவமனைக்குச் சராசரியாக நாற்பது சொச்சம் பேர்தான். ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான் அது நடந்தது. ஐந்து வாரங்களில், இதய ரத்தநாளக் காரணங்களால் ஆஸ்பிரின் பெற்றவர்களில் 9.4 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்துப்போலி (மருந்தே இல்லாத போலி மாத்திரை) பெற்றவர்களில் 11.8 சதவீதம் பேர். நாற்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை யாராலும் பார்க்க முடியாது. 417 நாற்பதுகள் சேர்ந்தால் மறைக்கவே முடியாது.

கொரோனா காலத்தில் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வும் அப்படித்தான். 176 மருத்துவமனை அமைப்புகள். மார்ச் 2020இல் தொடங்கி, ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பற்றிய முடிவைச் சொல்லிவிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோனும் பெற்றவர்கள் 29.3 சதவீதம். பல பத்தாண்டுகளாக எல்லா மருந்தலமாரிகளிலும் கிடந்த மலிவான மருந்து! நாளுக்கு 6 மில்லிகிராம். படிவங்களைச் சுருக்கி, வார்டு வேலையோடு வேலையாகச் சேர்க்கும்படி அந்த ஆய்வை வடிவமைத்ததால்தான் சிறிய மருத்துவமனைகளால் அதில் பங்கெடுக்க முடிந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பயன் தென்படவில்லை; இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதம், பெறாதவர்களில் 14.0 சதவீதம் என்று எண்கள் எதிர்த் திசையில்தான் இருந்தன. இது தெரியாமல் லேசான காய்ச்சலுக்கெல்லாம் ஸ்டீராய்டு விழுங்கியவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஜூன் 6, மாலை

ஐசிஸ்-2 என்றதும் ராசி நினைவுக்கு வருகிறது. முடிவுகளை வயது, பாலினம், பழைய நோய் என்று சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும்படி கேட்டார்கள். அப்படிக் கூறு போட்டால் தற்செயலே உண்மை போல வேடமிட்டு வரும் என்று காட்ட, ஆய்வாளர்கள் நோயாளிகளின் பிறந்த ராசிப்படியும் பிரித்துப் போட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்வதாக வந்தது! இதைச் சொல்லும்போதெல்லாம் வார்டே சிரிக்கும். சிரித்து முடித்ததும் நான் சொல்வது: நாற்பது பேரை வைத்துச் செய்த சிற்றாய்வில், அதையும் ஆண், பெண், சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து ஒரு மருந்தைப் புகழ்ந்திருந்தால், மிதுன ராசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7

"அப்படியானால் சிறிய மருத்துவமனை என்பது பெரியவர்கள் போடும் திட்டத்துக்கு ஆள் பிடித்துத் தரும் இடமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கேள்வியே அங்கே பிறக்கலாம்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் ராக்ஃபோர்ட் பொது மருத்துவமனை. 1956ஆம் ஆண்டின் கோடை. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் வார்டு என்ற பெயர் கொண்ட செவிலியர், சிஸ்டர் வார்டு. குழந்தைகளுக்கு வெயிலும் காற்றும் நல்லது என்று நம்பியவர்; வெயில் அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்விடுவார். ஒருநாள் மருத்துவர்கள் சுற்று வரும்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணத் துண்டு மட்டும் மஞ்சளாக இருந்தது. எதையாவது தடவினீர்களா என்று மருத்துவர் கேட்டார். அந்த இடத்தைத் துணியின் மூலை மூடியிருந்தது; வெயில் பட்ட மற்ற இடங்களில்தான் காமாலை வெளுத்துவிட்டது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அதன் பிறகு, காமாலைக் குழந்தை ஒன்றின் ரத்த மாதிரி இருந்த சோதனைக்குழாய் ஆய்வகத்தில் வெயிலில் கிடந்துவிட்டது. அளந்தால், காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர் ரிச்சர்ட் க்ரீமரும் கூட்டாளிகளும் நீல விளக்குகள் பொருத்திய தொட்டிலைச் செய்து, சோதித்து, 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒளி பட்டதும் பிலிருபின் மூலக்கூறின் வடிவம் மாறி, நீரில் கரைந்து, பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. இன்று பிறந்த குழந்தைகள் பிரிவு எதற்குள் போனாலும் அந்த நீல வெளிச்சத்தைப் பார்க்கலாம்.

பக்கத்துக்குப் பக்கம் கட்டுரை எழுதும் பேராசிரியர் யாரும் அந்த முக்கோணத்தைப் பார்க்கவில்லை. குழந்தைகளின் துணியைத் தினமும் மாற்றியவர் பார்த்தார்.

ஜூன் 9

மருத்துவர் ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: ராக்ஃபோர்ட் அபூர்வம், வட்டார மருத்துவமனைகளிலிருந்து வருவதில் பெரும்பகுதி பழைய கேஸ் ஷீட்டுகளைக் கிளறி எழுதும் குப்பை என்று. கடுமையைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். நானே பார்த்ததைச் சொல்கிறேன்.

பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து தரவு எடுக்க என்னை உட்கார வைத்தார்கள். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள்: 20, 20, 20, 18, 20, 20. ஆஸ்துமாக்காரருக்கும் 20, கால் எலும்பு முறிந்தவருக்கும் 20. மூச்சிரைத்து நள்ளிரவில் தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டவருக்கு, மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அதே பேனாவில், அதே சாய்ந்த எழுத்தில், 20. யாரும் எண்ணவில்லை. முழு வார்டையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் செவிலியர், முன்வரிசையைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கட்டத்தைக் கணினியில் ஏற்றி, சராசரி எடுத்து, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டுக் கட்டுரை எழுதினால் அது பொய். அழகாக அச்சிட்ட பொய்.

அந்தச் செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த எண்ணை யாராவது ஒருநாள் படித்து, அதைக் கொண்டு ஏதாவது செய்வார்கள் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. ஆய்வு ஒழுங்காக நடந்த எங்கள் வார்டில் நடந்த முதல் மாற்றமே அதுதான்: மூச்சை எண்ணத் தொடங்கினார்கள். ஆய்வு முடிந்த பிறகும் எண்ணினார்கள். எந்தக் கட்டுரையிலும் வராத பலன் இது. ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவருக்கு இதையும் பதிலாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 10

உறைகளைப் பற்றி. சமவாய்ப்பு முறையில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை முன்கூட்டியே குலுக்கி, மூடிய உறைகளில் போட்டு, வரிசை எண் போட்டு வைப்பார்கள். நோயாளி சம்மதித்த பிறகுதான் அடுத்த உறையைப் பிரிக்க வேண்டும். இளம் மருத்துவர் ஒருவர் உறையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. எதிரே இருந்த பெரியவர் மிகவும் தளர்ந்திருந்தார். புதிய சிகிச்சை அவருக்குக் கிடைக்காதா என்ற இரக்கம்.

இரக்கம்தான், ஆனால் எல்லோரும் அப்படிச் செய்தால் தளர்ந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம், தெம்பானவர்கள் மறுபக்கம் என்று குவிந்துவிடுவார்கள். பிறகு எந்தச் சிகிச்சை மேல் என்று யாராலும் சொல்ல முடியாது. புதியதுதான் நல்லது என்று அவருக்கு யார் சொன்னது? ஃபீஸ்ட் ஆய்வில் எந்தப் பிரிவில் இருந்த குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள் என்று மேலே போய்ப் பாருங்கள். அதன் பிறகு உறைகளை எடுத்துவிட்டு, தொலைபேசியில் மையத்தை அழைத்து ஒதுக்கீட்டைக் கேட்டு வாங்கும் முறைக்கு மாறினோம்.

ஜூன் 12

இன்று நீளமாக எழுதப் போகிறேன். இந்த இழையில் நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு புண்ணில் சீழ் வைப்பது பற்றி ஓர் ஆய்வு. புண் ஆறியதா இல்லையா என்பதை 30 நாள் வரை பார்க்க வேண்டும். நோயாளியோ ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். தையல் பிரிக்க வந்தவர்களை மட்டும் வைத்து எண்ணினால் எங்கள் எண் மிக அழகாக இருந்தது. சீழே இல்லை என்று சொல்லிவிடலாம் போல. வராதவர்கள்? "நன்றாக இருப்பதால்தான் வரவில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது நெஞ்சில் ஒட்டவில்லை.

ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தேன். பாதி எண்கள் வேறு யாரிடமோ இருந்தன. ஓர் அம்மாவின் படிவத்தில் இருந்தது அக்கம்பக்கத்தவர் எண். அவரைக் கெஞ்சி, அந்த அம்மாவின் மகனைப் பிடித்தேன். புண் பிரிந்துவிட்டது என்றார். எங்களிடம் வந்தால் "ஏன் நனைய விட்டாய்" என்று திட்டுவார்கள் என்று பயந்து, வேறொரு மருத்துவரிடம் நாள்தோறும் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தை "நலம்" என்று நிரப்பத் தயாராக இருந்தோம்!

ஒரு பெரிய மையம் தொலைதூரத்திலிருந்து நோயாளிகளைச் சேர்க்கிறது. அவர்கள் ஊர் திரும்பினால் திரும்பியதுதான். வட்டார மருத்துவமனைக்கு இருக்கும் ஒரே பெரிய பலம், நோயாளி எட்டும் தொலைவில் இருக்கிறார் என்பது. அவருடைய அடுத்த காய்ச்சலும் அங்கேதான் வரும். அந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல், வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஆய்வு செய்தேன் என்றால், அந்த ஆய்வை நடத்த அந்த இடத்துக்கு என்ன தகுதி இருக்கிறது?

வராதவர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்த பிறகு சீழ் வைத்தவர்களின் விகிதம் நன்றாகவே ஏறிவிட்டது. தலைமை அறுவை மருத்துவரின் முகம் சுருங்கியது. அவருடைய கைவேலை பற்றிய எண் அல்லவா? ஒருநாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. பிறகு அந்த ஏறிய எண்ணையே கட்டுரையில் போடச் சொன்னார். அதற்காக அவரை இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

அதன் பிறகு எங்கள் படிவத்தில் இரண்டு தொலைபேசி எண்கள், வீட்டுக்கு வழி, யாரைக் கேட்டால் தெரியும் என்று மூன்று கட்டங்கள் புதிதாகச் சேர்ந்தன. "புண் பிரிந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், நேரே இந்த அறைக்கு வாருங்கள்" என்று பெரிய எழுத்தில் ஒரு வரியும்.

ஜூன் 13

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க. குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டினார்கள். உலகம் ஏற்றுக்கொண்டது. வசதி குறைந்த இடங்களுக்கும் கொண்டுபோகலாம் என்று ஆறு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2015இல் முடிவு வந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தக் குழந்தைகளைப் பார்த்தால் பிறந்து 28 நாட்களுக்குள் இறப்பு ஆயிரத்துக்கு 23.9இலிருந்து 27.4 ஆகக் கூடியிருந்தது. கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்க வழி இல்லாத இடங்களில், நிறைமாதத் தாய்மார்கள் பலருக்கும் ஊசி போய்விட்டது.

அப்படியே விட்டிருந்தால் ஏழை நாடுகளுக்கு ஸ்டீராய்டே ஆகாது என்று முடிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில், இரண்டாம், மூன்றாம் நிலை மருத்துவமனைகள் மொத்தம் 29இல் மறுபடி சோதித்தது. இம்முறை ஸ்கேனில் வாரத்தை உறுதிசெய்து, 26 முதல் 33 வாரம் வரை உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்கள். 2,852 தாய்மார்கள். குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. 2020இல் வந்த முடிவு. அதே மருந்துதான். எந்த இடத்தில், யாருக்கு, எந்த வசதியோடு என்பதில்தான் உயிரும் சாவும்.

ஜூன் 13, இரவு

ஆக்லாந்து என்றதால் இதையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. லிகின்ஸ் வேலை பார்த்த அதே தேசிய மகளிர் மருத்துவமனையில், 1966 முதல், கருப்பைவாய்ப் புற்றின் முன்நிலையில் இருந்த பெண்கள் பலருக்கு உரிய சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துவந்தார்கள். ஆய்வில் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சிலருக்குப் புற்று முற்றி, உயிர் போனது. உள்ளேயே எச்சரித்த மருத்துவர்களின் குரல் எடுபடவில்லை. 1987இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வெளிக்கொண்டுவந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் விசாரணை அறிக்கை 1988இல் வெளியானது. தொடக்கக் கேள்வி கேட்டவரின் பயம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஜூன் 14

"அப்படியானால் எல்லா ஆய்வும் இங்கே நடக்கலாமா?" கூடாது. மனித உடலில் முதன்முதலாக ஏற்றிப் பார்க்கும் மருந்துக்கு வட்டார மருத்துவமனை இடமே அல்ல. 2006இல் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை ஏற்றிக்கொண்ட ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே வளாகத்தில் இருந்ததால் ஆறு பேரும் பிழைத்தார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் அப்படி ஓர் ஆய்வு என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். அப்பா வீடு திரும்பிவிட்டாராம், மகிழ்ச்சி. இனி யாராவது படிவத்தை நீட்டினால் என்ன கேட்பது என்கிறார்.

இந்த ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? முதலில் இதைக் கேளுங்கள். தடுமாறாமல் பதில் வர வேண்டும். சேர்ந்தால் கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், வழிச்செலவை யார் தருவார்கள், கூடுதலாக ரத்தம் எடுப்பீர்களா? எனக்குக் கெடுதல் நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? இடையில் விலகலாமா? ஆய்வுகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேட்டில் இந்த ஆய்வைப் பதிவு செய்திருக்கிறீர்களா, எண் என்ன? முடிவு தெரிந்ததும் எனக்குச் சொல்வீர்களா?

இன்னொன்று. மூச்சிரைக்கும் ஒருவரிடம் பத்துப் பக்கத்தைப் படிக்கச் சொல்வது சம்மதம் வாங்குவது ஆகாது. நான் முதலில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவேன்; நின்றுகொண்டு கேட்டால் மறுக்கத் தோன்றாது. சொல்லி முடித்ததும், "நீங்கள் புரிந்துகொண்டதை எனக்குச் சொல்லுங்கள்" என்பேன். "புது மருந்து கிடைக்கும், நல்லது" என்று பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. குலுக்கலில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், நல்லதா என்றே இன்னும் தெரியாது: இந்த மூன்றும் அவர் வாயால் வரும் வரை பேனாவைக் கொடுக்க மாட்டேன். "டாக்டர் சொன்னால் சரி" என்று கையெழுத்துப் போட வந்தவர்களைத்தான் அதிகம் காக்கவைத்திருக்கிறேன்.

ஜூன் 18

சிஸ்டர் வார்டைப் பற்றி எழுதியதிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. லான்செட் கட்டுரையின் ஆசிரியர்களாக க்ரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் என்ற மூவரின் பெயர்கள் இருக்கின்றன. அந்த முக்கோணத்தைப் பார்த்தவர் பெயர் அந்த வரிசையில் இல்லை.

ஓல்டாம் மருத்துவமனையையும் நினைத்துப் பாருங்கள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று பிறந்தது லண்டனிலும் இல்லை, கேம்பிரிட்ஜிலும் இல்லை. ஓல்டாம் பொது மருத்துவமனையில். பேட்ரிக் ஸ்டெப்டோ அங்கே மகப்பேறு மருத்துவர். கேம்பிரிட்ஜிலிருந்து அங்கே வந்து வந்து வேலை செய்தவர்கள் ராபர்ட் எட்வர்ட்ஸும் ஜீன் பர்டியும். பர்டி செவிலியர் பயிற்சி பெற்றவர்; கருவைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் கவனித்தது அவர். மருத்துவமனையில் நினைவுப் பலகை வைத்தபோது, பர்டியின் பெயரும் வேண்டும் என்று எட்வர்ட்ஸ் வற்புறுத்தியும் கடிதம் எழுதியும் அவர்கள் சேர்க்கவில்லை. பர்டி 1985இல் இறந்தார். எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு வந்தது 2010இல்.

ஆய்வில் கட்டம் நிரப்பிய, மூச்சை எண்ணிய, வராதவரைத் தேடிப்போன ஒவ்வொருவர் பெயரும் கட்டுரையில் எங்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஜூன் 21

மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. பங்கேற்றவர்களுக்கு ஆய்வின் பொது முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புத் தர வேண்டும் என்று இன்று அதில் இருக்கிறது. நடைமுறையில் நான் பார்த்தவரை, கட்டுரை வெளியானதும் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். புண்ணைக் காட்டியவருக்கு ஒரு வரி போகாது.

நாங்கள் ஒருமுறை அனுப்பினோம். ஒரே பக்கம், பெரிய எழுத்து: எத்தனை பேர் சேர்ந்தீர்கள், என்ன தெரிந்தது, இனி இந்த மருத்துவமனையில் என்ன மாறும். புண் பிரிந்த அந்த அம்மாவின் மகன் அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். "இதில் எங்கள் அம்மா எது?" என்று எண்களைக் காட்டிக் கேட்டார். சீழ் வைத்தவர்கள் என்ற வரியைத் தொட்டுக் காட்டினேன். "அவர் இல்லாவிட்டால் இந்த எண் ஒன்று குறைந்திருக்கும், இல்லையா?" என்றார். ஆம், குறைந்திருக்கும், தப்பாகவும் இருந்திருக்கும் என்றேன். அடுத்த ஆய்வுக்கு அவரே இரண்டு பேரை அழைத்துவந்தார்.

ஜூன் 22

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் மருத்துவர் ஒருவர், தன் சிறிய மருத்துவமனையில் எதை ஆய்வு செய்யலாம் என்று கேட்கிறார். தலைப்பு தேடிப் புத்தகம் புரட்டாதீர்கள். இரவு டியூட்டிச் செவிலியரிடம், "இந்த வார்டில் உங்களுக்கு எது புரியவில்லை?" என்று கேளுங்கள். மூன்று பதில் வரும். அவற்றில் உங்கள் வார்டுக்கு மாதாமாதம் வரும் நோயாளிகளைக் கொண்டே எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள். சேர்ப்பதற்கு முன்பே, எதை அளக்கப் போகிறீர்கள், எந்த நாளில் அளப்பீர்கள் என்று எழுதிப் பொதுப் பதிவேட்டில் போட்டுவிடுங்கள். பிறகு மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள். எத்தனை பேர் தேவை என்று புள்ளியியல் தெரிந்தவரிடம் முதலிலேயே கேளுங்கள். உங்கள் மருத்துவமனைக்கு மட்டும் அந்த எண்ணிக்கை எட்டாது என்று அவர் சொன்னால், அதே கேள்வி உள்ள இன்னும் நாலு மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதுங்கள். வராதவர்களைத் தேட ஒருவரைச் சம்பளத்தோடு அமர்த்துங்கள். பணம் போதாவிட்டால் வேறெதையாவது வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். படிவத்தில் மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தோடு, எந்த நேரத்தில் எண்ணியது, யார் எண்ணியது என்று இரண்டு சிறு கட்டங்களையும் சேர்த்துவிடுங்கள்.